தகட்டுக்கு ஒரு பை

வெள்ளவத்தையில் ஏறி இறங்கிய நான்காவது கடையிலும் நாகேந்திரத்துக்கு எந்தப் பையும் பிடிக்கவில்லை.

"மடிக்கிற சோலார் தகடு, தம்பி. காட்டிலை கூடாரத்துக்கு மேலை விரிக்கிறது. வழியிலை உடைஞ்சுதெண்டால் எல்லாம் போச்சு."

"இது லொறி மூடுற துணியில தச்சது, ஐயா. உள்ளுக்குப் பஞ்சும் வச்சிருக்கு," என்றார் கடைக்காரர் அஷ்ரப்.

நாகேந்திரம் நம்பவில்லை. சந்தையில் வாங்கி வந்த தேங்காய்களை அதற்குள் போட்டுத் தோளில் மாட்டிக் குலுக்கினார். பைக்கு ஒன்றும் ஆகவில்லை; தோள்தான் நொந்தது.

"இஞ்சருங்கோ, கொண்டுபோறது தகட்டையோ, தேங்காயையோ?" என்று மனைவி நேசமலர் சிரித்தார்.

"இந்த வயசில காட்டுல தங்குறதுக்குப் பயமில்லையா, ஐயா?"

"பயந்தான், தம்பி. நினைச்சாலே நித்திரை வருகுதில்லை."

அஷ்ரப் அவருடைய உயரத்துக்குப் பட்டியை இழுத்து அளவாக்க வந்தார். நாகேந்திரம் பையைக் கழற்றி, தேங்காய்களை வெளியே எடுத்துவிட்டு, நேசமலரின் தோளில் மாட்டினார்.

"அளவை இஞ்சை எடுங்கோ. கந்தோரிலை கூட வேலை செய்யிற சிநேகிதியளோடை மலை ஏறப் போறது இவதான். நான் வீட்டிலை."

"அப்ப நீங்க ஏன் ஐயா இவ்வளவு கவலப்படுறீங்க?"

"தகடு உடைஞ்சால் இவவின்ரை போனுக்குச் சார்ஜ் இல்லை. பருப்புக்கு எவ்வளவு தண்ணி விடுறதெண்டு நான் பிறகு ஆரைக் கேக்கிறது?"

நேசமலர் பையை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, இதைவிடக் கொஞ்சம் பழுதான பை ஏதும் இருக்கோ?"