கடலைப் பார்த்த நாலு குழாய்

இறால் குழம்பு வைக்கும்படி கையால் காட்டிவிட்டு, என் கணவர் பொன்னுரங்கம் தனியாகக் கட்டுமரம் ஏறினார். மதியம் வாடைக்காற்று முற்றி, மழை கரையை மறைத்தது. கட்டுமரங்கள் எல்லாம் கடலில் இருந்தன.

ஊருக்கு மின்சாரம் வராத காலம் அது. கல்யாணத்துக்கு மைக் செட் போட பழவேற்காட்டிலிருந்து கார் பேட்டரியோடு வந்திருந்த உமர், நாலு குழாய் ஸ்பீக்கரையும் கடல் பக்கம் திருப்பினான்.

"சீக்கிரம் ஒயரை முறுக்குடா!" என்று கத்தினார் சின்னதம்பி மாமா.

"இரு நைனா. நாலையும் ஒண்ணா முறுக்குனா ஆம்ப்ளிஃபயர் பொகைஞ்சிடும். ரெண்டு ரெண்டா தொடுத்து, அப்புறம் ரெண்டு ஜோடியையும் சேக்கணும். அப்பதான் தாங்கும்."

தாங்கியது. சத்தம் வந்த திசையைப் பிடித்து எல்லோரும் கரையேறினார்கள். என் கணவர் மட்டும் வரவில்லை.

உமர் மைக்கை என்னிடம் நீட்டினான். "நீ கூப்புடுக்கா. உன் கொரல் கேட்டா வந்துடுவாரு."

ஊர்க்காரர்கள் தலைகுனிந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், பேட்டரி தீரும்வரை கூப்பிட்டேன்.

"நான் இன்னா தப்பா கட்னேன்னு தெரியலக்கா" என்று அழுதான் உமர்.

"உன் மேல தப்பில்ல தம்பி. அவருக்குப் பொறவியிலேயே காது கேக்காது."

என் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.