இலைப்பேன்

மாவட்ட எல்லைக் கதவு வருகிற ஆளுக்கெல்லாம் பூச்சி ஆபத்து மதிப்பெண் போடும். எழுபதைத் தாண்டியவர்கள் என் திரைக்கு வருவார்கள். உள்ளே விடுவதா, திருப்புவதா என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், படித்தது பூச்சியியல்.

இன்று எண்பத்தொன்று வாங்கிக்கொண்டு என் அம்மா நின்றாள். நாளை எனக்கு வளைகாப்பு.

"தலைமுடியில் இலைப்பேன்" என்றது கதவு.

"பேனா? எந்தலையிலயா?" அம்மா மைக்கைப் பார்த்துக் கத்தினாள். "பள்ளிக்கூடத்துலேர்ந்து நீதான்டி அள்ளிக்கிட்டு வருவ, பொற்செல்வி!"

"அது வேறம்மா. இது பூவுல, இலையில இருக்கறது. மல்லியத் தலையில வெச்சுக்கிட்டுதான் காட்டுல வேல செஞ்சியா?"

"பின்ன, வெறுந்தலையோடவா போவாங்க?"

"திரும்பிப் போயிடு. இல்லன்னா மொட்டையடிச்சுதான் விடுவாங்க."

காலையில்தான் ஒரு கம்பெனியின் பழக் கன்டெய்னர்கள் என் கண்முன்னே உள்ளே போயின. அவற்றிலும் இதே பூச்சிதான். ஆனால் கம்பெனிச் சரக்குக்குக் கதவு பன்னிரண்டுக்கு மேல் மதிப்பெண் போடக் கூடாதென்று விதி. முன்பெல்லாம் இதற்காகக் கத்தியிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை.

"அடிக்கச் சொல்லுடி" என்றாள் அம்மா. "மொத வளையல நாந்தான் போடணும்."

பட்டனை அழுத்தினேன்.

மறுநாள் என் மாமியார் அம்மாவின் தலையைப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, சமயபுரமா?" என்றார்.

"ஆமாங்க."

"என்ன வேண்டுதல்?"

அம்மா என் கையில் வளையலை ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"எம்பொண்ணு படிச்சு ஆபீசர் ஆவணும்னு."