தாலி இறக்கும் முறை

“தாலியில கையை வெச்சீங்கன்னா பாருங்க” என்று ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே வந்து நின்றாள் வள்ளியாத்தாள்.

வயிற்றிலிருக்கும் குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் மருமகள் சண்முகப்பிரியா வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

நர்ஸ் மஞ்சுளாவுக்கு இது புதிதல்ல. தியேட்டர் வாசலில் தோடு, வளையல், மெட்டி, கொண்டை ஊசி எல்லாம் சத்தமில்லாமல் தட்டில் விழும். தாலி மட்டும் ஒரு மாநாடு கூட்டாமல் இறங்காது.

ஆனால் அவளுடைய கவலை தாலி அல்ல. மெட்டியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, சண்முகப்பிரியா அவள் கையை இழுத்துக் காதில் சொல்லியிருந்தாள். மேல்வரிசையில் முன்பல் நான்கும் கட்டுப்பல். கழற்றினால் புருஷனுக்குத் தெரிந்துபோகும். அப்படியே உள்ளே கொண்டுபோய்விடுங்கள் அக்கா.

முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் அது கழன்று மூச்சுக்குழலை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து என்று மஞ்சுளாவும் காதோடு சொல்லிப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் உயிரோடு இருந்து என்ன என்று கேட்டுவிட்டு மூடிய வாய்தான்.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. புருஷன் தனபால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வைத்திருப்பவன். ஆயிரம் அடிக்குக் கீழிருந்து ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பல்லெல்லாம் கறையேறி நின்ற மூன்று பெண்களைப் பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டு, நான்காவதாக இவளைக் கட்டினான். அவன் பல்லும் அதே கறைதான். மாப்பிள்ளையின் பல்லைப் பார்க்கிற நாகரிகம் அந்தப் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. நல்ல தண்ணீர் கேட்டு ஊரார் கொடுத்த மனுக்களுக்கும் இருபது வருடமாகப் பதில் வரவில்லை. பல் கட்டுகிறவர்களுக்கு மட்டும் வேலை வந்தது.

மருமகளின் பல்வரிசையைக் கல்யாணப் பந்தலிலேயே ஊரைக் கூட்டிப் பெருமையாகக் காட்டிய மாமியார் இதோ எதிரில் நிற்கிறாள். புருஷனோ பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மஞ்சுளா இரண்டு தடவை வெளியே போகச் சொல்லிப் பார்த்தாள். அவளை இந்த நிலைமையில் விட்டுவிட்டு ஓரடி நகரமாட்டேன் என்று கண் கலங்கினான்.

தாலியைக் கழற்ற வேண்டாம், பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுகிறேன் என்று மஞ்சுளா இறங்கி வந்தாள்.

“ஒட்டறதெல்லாம் ஆகாதுங்க. எறக்கத்தான் வேணும். ஆனா முறையா எறக்கோணும்.”

“என்னம்மா முறை? சீக்கிரம் சொல்லுங்க. உள்ள ஒரு உசுரு துடிச்சிட்டிருக்கு.”

“எங்க கூட்டத்துல தாலி எறங்கறதைக் கட்டுனவன் கண்ணால பாக்கப்படாதுங்க. பாத்தா அவன் ஆயுசுக்கு ஆகாது.”

தனபால் பெண்டாட்டியின் கையை விட்டான். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டித்தான் நின்றிருக்க வேண்டும்.

மஞ்சுளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பெறுகிறவள் பிழைப்பாளா என்று தெரியாத நேரத்தில், நல்லபடியாக நிற்கிறவனின் ஆயுளுக்கு ஒரு சடங்கு.

“இந்த வழக்கத்தை எந்தக் காலத்துலம்மா கண்டுபிடிச்சீங்க?”

“இப்பத்தானுங்க” என்றாள் வள்ளியாத்தாள்.

தாலிக்கொடியைத் தானே மருமகளின் தலைவழியாக உருவி மடியில் செருகிக்கொண்டாள். பிறகு அவள் முகத்தருகே குனிந்து கையை நீட்டினாள்.

“அவன் போயிட்டான் சாமி. வெரசாப் பல்லைக் கழட்டிக் குடு.”