மீன் பெருகிய குளம்

போர் சற்று ஓய்ந்ததும், கப்பல்துறைக் கிராமத்துக்கு அப்பாலுள்ள பெரிய குளத்தில் மீன்வளம் கணக்கெடுக்க வந்தார் அதிகாரி சோமசேகரம். அணைக்கட்டில் நின்று வலை வீசினார். அகப்பட்டதெல்லாம் முழங்கை நீளத் திலாப்பியா! தான் போட்ட மீன்பிடித் தடையின் மகிமை என்று பூரித்துப்போனார்.

தூரத்தில் வீதியிலிருந்து மீனவர் அலியார் இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார்.

"தடையை எடுக்க ஏலாது, அலியார்!" என்றபடி அவரை நோக்கி நடக்கத் தொடங்கினார் சோமசேகரம். "ஒருத்தரும் இஞ்ச வலை போடுறேல்லையாம். என்ர சட்டத்துக்கு அவ்வளவு பயமோ?"

"சட்டத்துக்கு ஆரு சேர் பயம்? அந்தக் கட்டு முழுக்கக் கண்ணிவெடி தாட்டுக் கிடக்கு!"

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், சோமசேகரம் கொக்குப்போல ஒற்றைக்காலில் நின்றார்.