மூலை மேசை

அந்தச் சாராயக்கடையில் மூலை மேசை மட்டும் ஆடும். ரிட்டயரான கம்பவுண்டர் எத்துவார் தினமும் மத்தியானம் அதில்தான் உட்காருவார். கிளாஸில் ஊற்றும்போதெல்லாம் வெளியே சிந்தும். தெருவுக்கே வலிக்காமல் ஊசி போட்ட கை அது. "இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை" என்று திட்டுவார். "ஆசாரியை வரச் சொல்லியிருக்கேண்ணே" என்பார் கடைக்காரர் செல்வநாதன். பதினோரு வருஷமாக அதே பதில்தான்.

செல்வநாதன் ஊரில் இல்லாத ஒரு நாள், கடையைப் பார்த்துக்கொண்ட அவருடைய மாப்பிள்ளை நல்ல மனசோடு ஆசாரியைக் கூப்பிட்டுக் காலைச் சரிசெய்துவிட்டார். மேசை பாறை மாதிரி நின்றது. எத்துவார் வந்து உட்கார்ந்து ஊற்றினார். சிந்தியது. கடையில் பேச்சு நின்றுபோனது. அவர் பாட்டிலை வைத்துவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

எதிரே இருந்த மீன்கார லூர்து, மேசைக்கு அடியில் முட்டியைக் கொடுத்து ஆட்ட ஆரம்பித்தார்.

"என்ன வேலை செஞ்சிருக்கான் அந்த ஆசாரி? முன்னைவிட மோசமா ஆடுதே!"

பக்கத்து மேசையில் கிளாஸ்கள் கிலுகிலுத்தன. "இங்கேயும் ஆடுதுப்பா" என்றார் ஒருவர்.

எத்துவாரின் கை மெதுவாக மேலே வந்தது.

"வேற கடைதான் பார்க்கணும்" என்றபடி பாட்டிலை எடுத்தார்.