பராங் மழுங்கிப் போச்சு

"இன்னைக்காவது அந்தச் செடியை வெட்டிடுங்க. சாயங்காலம் எங்க அண்ணன் குடும்பத்தோட வராரு" என்றாள் சிவகாமசுந்தரி.

அவள் கணவர் அழகப்பன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தே தலையாட்டினார்.

சிராங்கூன் கார்டனில் அவர்கள் குடிவந்த வீட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு தோட்டம். கேட்டிலிருந்து முன்வாசல் வரை சிமெண்டுப் பாதை. பாதை ஓரத்தில் ஒரு காகிதப்பூச் செடி.

ஓரத்தில் இருந்தது போன வருஷம். இப்போது அது பாதையின் நடுவில் இருந்தது.

ரொட்டிக்காரரின் சட்டையை அது ஒருமுறை கிழித்தது. பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் கொண்டையைப் பிடித்துவைத்துக்கொண்டது. விடுவிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பாதையில் கால் வைப்பதில்லை. கேட்டைத் திறந்ததும் வலப்பக்கம் திரும்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

வருகிறவர்களிடமெல்லாம் சிவகாமசுந்தரி முறையிடுவாள். துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கிய மனிதருக்கு ஒரு செடியை அசைக்கத் துப்பில்லை என்பாள். முறையீடு முடிய ஒரு தேநீர் ஆகும். சில நாள் இரண்டு ஆகும்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குழாயில் தண்ணீர் ரேஷனில் வந்தது. தெருவில் எல்லார் வீட்டுப் புல்லும் கருகிக் கிடந்தது. ரத்தினம்மாவின் ரோஜா போயிற்று. எதிர்வீட்டு வாழை சாய்ந்தது. அழகப்பன் வீட்டுக் காகிதப்பூ மட்டும் முழம் முழமாக நீண்டது.

செடிக்கும் தனக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இன்றைக்குத் தட்டிக்கழிக்க வழியில்லை. பராங் கத்தியை எடுத்துப் பளபளவென்று தீட்டினார். காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டார். சண்டைக்குப் போகிறவர் மாதிரி முன்வாசலில் இறங்கினார்.

முள் கிளைகளை விலக்கி, அடியில் ஒரே வெட்டாக வெட்ட இடம் பார்த்துக் குனிந்தார்.

அடிமண் ஈரமாக இருந்தது.

தொட்டுப் பார்த்தார். மண்ணின் மேல் நாலைந்து அரிசி மணிகள். கொஞ்சம் உளுந்துத் தொலி. மீன் செதில் ஒன்று வெயிலில் மின்னியது.

தெருவே வாளியோடு அலைகிற நேரத்தில், அரிசி கழுவிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அவர் குறட்டை விடுகிற நேரமாகத்தான் இருக்க வேண்டும்.

அழகப்பன் அங்கேயே குந்தியிருந்தார்.

முன்பு பஃபலோ ரோட்டு மாடி வீட்டில் குடியிருந்தவரை சிவகாமசுந்தரி ஜன்னலை விட்டு நகர்ந்ததில்லை. கீழே கீரைக்காரரோடு பேச்சு, எதிர் ஜன்னலோடு பேச்சு, இரண்டுக்கும் நடுவில் சமையல். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், வந்தவர்கள் முன்வாசலில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். பின்கட்டில் ஒருத்தி இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே பசித்தபோதுதான் நினைவு வந்தது.

சமையலறைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தபால்காரர் ஜலாலுதீன் வந்திருந்தார் போல.

அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அழகப்பன் எழுந்தார். கேட் வரை போய், எல்லாரையும் போல வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார்.

சிவகாமசுந்தரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"வெட்டிட்டீங்களா?"

"பராங் மழுங்கிப் போச்சு."

அவள் மெல்ல மூச்சு விட்டாள். உடனே ஜலாலுதீன் பக்கம் திரும்பி, இந்த மனுஷரோடு காலம் தள்ளுவது லேசில்லை, இனி அண்ணன் குடும்பமும் இப்படிச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்று ஆரம்பித்தாள். ஜலாலுதீன் தேநீரை ஊதிக்கொண்டே அனுதாபத்தோடு தலையாட்டினார்.

அழகப்பன் உள்ளே போகவில்லை. கத்தியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சமையலறைப் படியில் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு தேநீர் கொடு என்றார்.

ஜலாலுதீன் போன பிறகு அவள் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் வாசலிலேயே நின்றாள்.

"வழியை மறிச்சுக்கிட்டு உட்காராதீங்க லா."

அழகப்பன், இன்னொருவர் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டார்.