ஒரு நாள் பிரேக்

“காசு பணம் எதுவும் வேண்டாம் சிஸ்டர். ‘பணியில் இருக்கும்போது இறந்தார்’னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, போதும்.”

சவரிராயன் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியும் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

“கல்லறைக் கல்லுல வெட்டணும். எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பார்க்கும்போதே போனவர். அவர் கல்லுல அப்படித்தான் இருக்கு. பாலக்கரையில தலை நிமிர்ந்து நடக்கிற குடும்பம் நாங்க. அவர் பக்கத்துல என் மக கல்லு வெறும் பேரோட நிக்கக் கூடாது.”

அவர் மகள் பெலிண்டா, அந்த மகளிர் கல்லூரியின் டென்னிஸ் கோச். தஞ்சாவூர்ப் போட்டிக்கு மாணவிகளை அழைத்துப் போனவள், கோர்ட் ஓரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள்.

கல்லூரி முதல்வரான சிஸ்டர் இந்த ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குங்க. ஆனா அன்னிக்கு அவங்களுக்குப் பிரேக். தொடர்ந்து வேலை பார்த்தோம்னு நிரந்தரம் கேட்டுடக் கூடாதுன்னு, தற்காலிக ஊழியரை வருஷத்துல ஒரு நாள் வேலையிலேர்ந்து எடுத்துட்டு, மறுநாள் புதுசா சேர்க்கிறோம். அந்த ஒரு நாள் அவங்க எங்க ஊழியரே இல்லை.”

“அது பேப்பர்ல மட்டும்தானே சிஸ்டர்? பிரேக் அன்னிக்கும் வேலைக்கு வந்துடணும்னு எல்லாருக்கும் தெரியும்.”

“தெரியும். எழுதித் தர முடியாதே.”

கதவோரம் நின்ற அணித் தலைவி லின்சிக்குப் பொறுக்கவில்லை.

“பந்து வாங்கவே காசில்லைன்னாங்க. வேனுக்கு டிரைவர் இல்லைன்னு மேடமே ஓட்டிக்கிட்டு வந்தாங்க சிஸ்டர். ‘எவளாவது அரியர் வெச்சீங்க, மட்டையைப் பிடுங்கிடுவேன்’னு வழியெல்லாம் திட்டு. இப்ப, கூட வந்தது ஊழியரே இல்லைன்னு எங்களுக்கும் ஆப்சென்ட் போட்டுட்டீங்க!”

“சத்தம் போடாதேம்மா,” என்றார் சவரிராயன். “கெஞ்சவும் வேண்டாம்.”

“இல்ல தாத்தா, கேக்கணும். ஹாக்கி கோச்சும் மேடம் கூடவே வேலைக்குச் சேர்ந்தவங்கதான். அவங்களுக்குப் பிரேக்கே கிடையாது, எப்பவோ நிரந்தரம் ஆயிட்டாங்க. எங்க மேடத்துக்கு மட்டும் எந்தப் புண்ணியவான் இதைப் போட்டது?”

சிஸ்டருக்கும் அது புதிய செய்தி. ஃபைலோடு பக்கத்தில் நின்ற ஆபீஸ் சூப்பரண்ட் ஷஹனாஸைத் திரும்பிப் பார்த்தார். “ஆமா, இவங்களுக்கு மட்டும் ஏன்?”

சவரிராயன் எழுந்துகொண்டார். “நான் வரேன் சிஸ்டர்.”

“சொல்லுங்க ஷஹனாஸ். யார் போட்டது?”

ஷஹனாஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அப்ப சூப்பரண்டா இருந்த சார்தான் சிஸ்டர்... சொந்த மகளுக்குச் சலுகை காட்டுறார்னு யாரும் வாய் திறந்துடக் கூடாதுன்னு போட்டார். ரிடையர் ஆன அன்னிக்கும், ‘இதை மட்டும் எடுத்துடாதம்மா, குடும்ப மானம்’னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்.”